அயல் நிறம்

நிறம் பொருளிடத்தே உள்ளதா, அன்றிக் காணும் கண்ணிடத்தே உள்ளதா? இவ்வினா தத்துவ நூலாருக்கே உரியது என்று ஒதுக்கிவிட வேண்டா. புடவைக் கடையில் துணியை விரித்துப் பார்த்த ஒவ்வொரு பெண்மணியும் இவ்வினாவை எழுப்பியவரே ஆவர். கடையின் விளக்கொளியில் தேர்ந்த துணி வீட்டு முற்றத்தில் வேறாகத் தோன்றுகிறது. தனியே பார்க்கும்போது மங்கலாக இருந்த கரை, உடலின் நிறத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது சுடர்விடுகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, சாயமும் மாறவில்லை. அருகில் இருந்தது மாறிற்று, அவ்வளவே.

இவ்வுண்மையைப் பொழுதுபோக்காக ஆராயத் தொடங்கி, அது எங்கள் இல்லத்திற்கே ஒரு தேவையாகி நின்ற வரலாற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். வேற்று நாட்டில் வாழ்ந்து, ஊரில் முதியோரை விட்டு வந்துள்ள குடும்பங்களுக்கு இது பயன்படக் கூடும்.

எங்கள் ஊர் காரக்கோணம். நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அணித்தாக, தமிழக எல்லையை ஒட்டியது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவழியே வகுக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு எங்கள் வயல்களுக்கு அப்பால் விழுந்தது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் அக்கோட்டைக் கடந்தே இன்றும் நடைபெறுகின்றன.

நாங்கள் இருவரும் இப்போது மஸ்கட் நகரில் வாழ்கின்றோம். இங்குள்ள கட்டிடங்கள் பெரும்பாலும் வெள்ளை, இன்றேல் மணல் நிறம். அவற்றுக்குப் பின்னே பழுப்பு மலை. மேலே நீல வானம். செம்மண்ணும் ரப்பர்த் தோட்டத்துப் பசுமையும் கண்டு வளர்ந்த கண்களுக்கு இவ்வடக்கம் முதலில் வறுமையாகத் தோன்றிற்று. அதனாலேதான் போலும், ஊர் வீட்டின் புகைப்படம் ஒன்றை எடுத்து, இரவு வேளைகளில் கணிப்பொறியில் அதன் நிறங்களைப் பிரித்தும் சேர்த்தும் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

செய்முறை எளியது. ‘கிம்ப்’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. 1990-ஆம் ஆண்டு வெளிவந்த ‘போட்டோஷாப்’ விலைக்குக் கிடைப்பது. எதுவாயினும் சரியே. புகைப்படத்தை அதில் இட்டு, ‘மொசைக்’ என்னும் வசதியால் பெருங்கட்டங்களாக்கினால், திண்ணையும் தென்னையும் ஓட்டுக்கூரையும் உருவிழந்து போகும். எஞ்சுவன செம்மண்ணின் சிவப்பு ஒரு கட்டம், இலைப்பச்சை ஒரு கட்டம், சுவரின் வெளிர்நீலம் ஒரு கட்டம். வீடு மறைந்து நிறங்களின் கூட்டம் மட்டும் நிற்கும். அருவ ஓவியம் என்று அறிஞர் கூறுவது இதன் நெருங்கிய உறவுதான். உருவத்தை நீக்கிவிட்டால் நிறங்கள் ஒன்றோடொன்று பேசுவது செவியிற்படும்.

எங்கள் உறவினர் சிலர் இதனைக் ‘கட்டம் போடும் வேலை’ என்று நகைத்தனர். நகைக்கட்டும். ஆனால் இவ்வேலையைச் செய்தவர் சிறியர் அல்லர்.

பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர் ஷெவ்ரல் என்பார், 1824-ஆம் ஆண்டு, பாரிசு நகரில் புகழ்பெற்ற கோபெலின் நெசவுச்சாலையில் சாயப்பகுதிக்குத் தலைவரானார். அங்கு நெய்த துணிகளில் கருப்பு நூல் போதிய கருமை கொள்ளவில்லை என்று குறை கூறப்பட்டது. அவர் சாயத்தை ஆராய்ந்தார், அதில் குற்றமில்லை. கருப்பை அடுத்து ஓடிய நீல நூலும் ஊதா நூலுமே அதன் கருமையை வெளுக்கச் செய்தன என்று கண்டார். ஒரு நிறம் தன் அயல் நிறத்தைத் தனக்கு எதிரான திசையில் தள்ளுகிறது என்னும் விதியை விரித்து 1839-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இந்த அறிவு ஓவியச் சாலையில் அன்று, நெசவுச் சாலையில் பிறந்தது என்பதை நம் நாட்டார் நினைவிற் கொள்ளுதல் தகும்.

செருமனியில் 1888-இல் பிறந்த யோசப் ஆல்பர்ஸ் இவ்விதியையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். சதுரத்திற்குள் சதுரம் வரையும் ஓவிய வரிசையை 1950-இல் தொடங்கி, 1976-இல் மறையும் வரை ஆயிரத்திற்கும் மேற்பட்டவற்றை வரைந்தார். சதுரம் மாறாது, நிறங்களே மாறும். மாணாக்கருக்குத் தூரிகையும் சாயமும் கொடாமல் வண்ணத் தாள்களைக் கொடுத்து வெட்டி ஒட்டச் செய்தார். அப்பயிற்சிகளைத் தொகுத்து 1963-இல் அவர் வெளியிட்ட நூல், 2013-இல் ஐபேடில் இயங்கும் செயலியாகவும் வந்தது. அவர் பிறந்த அதே 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சர் சி.வி. இராமனும், முதுமைக் காலத்தில் மலர்களின் நிறத்தையும் கண்ணின் காட்சியையும் ஆராய்ந்து, 1968-இல் பார்வையைப் பற்றித் தனிநூல் எழுதினார். ஒருவர் கலையின் வழியே சென்றார். மற்றவர் ஒளிநூலின் வழியே சென்றார்.

நம் பக்கத்திலும் இத்துறையில் தொண்டாற்றியோர் உளர். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்து, 1966-இல் சோழமண்டலம் என்னும் கலைஞர் சிற்றூரை நிறுவினார். எழுத்தும் குறியுமாக அவர் வரைந்த ஓவியங்களைத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் காணலாம். எங்கள் ஊரிலிருந்து அது தொலைவன்று. கேரளத்தில் பிறந்து சென்னையில் வாழ்ந்து 2022-இல் மறைந்த அச்சுதன் கூடல்லூர், உருவத்தை முற்றும் துறந்து நிறத்தையே பொருளாகக் கொண்டவர். காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி தாங்கியுள்ள பெயரோ டாக்டர் சோமர்வெல்லுடையது. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்டு மலை ஏறச் சென்று, பின்னர் நெய்யூரில் நெடுங்காலம் அறுவை மருத்துவம் செய்த அப்பெரியார் ஓவியரும் ஆவார். பனிமலைக் காட்சிகளை அவர் பலமுறை பழுப்பு நிறப் பொதிதாளில் தீட்டினார். பழுப்பை அடித்தளமாகக் கொண்டதால் வெண்பனியும் நீலநிழலும் எவ்வளவு ஒளிபெறும் என்பதை, கட்டங்களோடு விளையாடிய பிறகே நாங்கள் உணர்ந்தோம்.

இனி, கணிப்பொறி இதற்கு என்ன புதுமை செய்கிறது என்று கேட்கலாம். அது கண்ணுக்குச் சாட்சி தேடித் தருகிறது. திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். ஆகவே மொத்தம் 1,67,77,216 நிறங்கள். நிறத்தைத் தொட்டெடுக்கும் கருவியால் எப்புள்ளியைத் தொட்டாலும் அதன் மூன்று எண்களும் தெரியும். 128, 128, 128 என்னும் சாம்பல் நிறச் சதுரத்தைச் செம்மண் கட்டத்தின் நடுவில் வைத்தோம். அதில் பசுநீலச் சாயல் படிந்தது. அதையே சுவரின் நீலத்தின் நடுவில் வைத்தோம், பழுப்பேறியது. கருப்பின்மேல் வெளுத்தது, வெள்ளையின்மேல் இருண்டது. எண்ணோ அசையவில்லை. கண் ஒன்று சொல்ல, எண் வேறொன்று சொல்ல, இரண்டும் மெய்யாக இருக்கும் விந்தையை எங்கள் மகள் தன் பத்தாம் வயதிலேயே கண்டு கைகொட்டினாள்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சாயக்கிண்ணத்தில் மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை வருகிறது. திரையில் மஞ்சள் ஒளியும் நீல ஒளியும் கூடினால் வெள்ளை வருகிறது. ஓவிய ஆசிரியர் சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை என்பார். திரையோ பசுநீலம் என்னும். ஒன்று ஒளியை உண்பது, மற்றொன்று ஒளியை உமிழ்வது என்பதே இவ்வேறுபாட்டின் காரணம். இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வழி நம் நெசவாளருடையது. மயில்கழுத்து நிறப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். நூல்கள் கலப்பதில்லை, தத்தம் நிறத்தோடு அருகருகே நிற்கின்றன, கலப்பது கண்ணில். சிவப்பும் நீலமுமாக ஒரு புள்ளி அகலக் கோடுகளை மாறிமாறித் திரையில் இட்டு எட்டி நின்று பார்த்தால் ஊதா தோன்றும். நெருங்கினால் ஊதா எங்குமில்லை. காஞ்சிபுரத்துத் தறியில் உட்கார்ந்தவர் இதனைக் கணிப்பொறி வருமுன்பே கையால் அறிந்திருந்தார்.

நிறத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எங்கள் பேச்சும் நினைவுக்கு வரும். நாங்கள் வீட்டில் பேசுவதைக் கேட்ட மதுரை நண்பர், ‘மலையாளம் மிகுதியும் கலந்த பேச்சு’ என்பார். திருவனந்தபுரத்து நண்பரோ, ‘இது முழுத் தமிழ்’ என்பார். பேச்சு ஒன்றே, 128, 128, 128. அவரவர் நிற்கும் தளம் வேறு. இங்குள்ள பிள்ளைகளும் ஊருக்குச் செல்லும்போது ‘வெளிநாட்டுப் பிள்ளைகள்’. இங்கு ‘ஊர்ப் பிள்ளைகள்’. இதற்காக அவர்கள் வருந்த வேண்டியதில்லை என்று கூற ஒரு சாம்பற் சதுரம் எங்களுக்கு உதவியது.

இனி எங்கள் இல்லத்து நிகழ்ச்சிக்கு வருகின்றோம். காரக்கோணத்தில் வாழும் எங்கள் அன்னையாருக்கு இரு கண்களிலும் புரை வளர்ந்திருந்தது. சென்ற ஆண்டு ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை நடந்தது. மருத்துவம் செவ்வனே முடிந்தது. எழுத்துக்கள் தெளிவாகத் தெரிந்தன. மறு கண்ணுக்கும் நாள் குறிக்க வேண்டிய நேரத்தில் அன்னையார் உறுதியாக மறுத்துவிட்டார். தொலைபேசியில் அவர் கூறியது இன்னும் செவியில் ஒலிக்கிறது.

“மக்ளே, புதுக் கண்ணுல சொவரு நீலமாட்டு இருக்கு. பழைய கண்ணுல பச்சையாட்டு இருக்கு. நான் எத நம்பணும்?”

புதிய கண்ணில் ஏதோ நீலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டார்கள் என்று அவர் அஞ்சினார். இத்தனை ஆண்டு பச்சையாகக் கண்ட சுவர் பொய்யாக இருக்க முடியுமா? எஞ்சிய கண்ணையாவது உள்ளபடியே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. அக்கண்ணிலோ புரை முற்றிக்கொண்டிருந்தது. படி இறங்கும்போது ஒருமுறை தடுமாறினார் என்று தம்பி சொன்னான். மருத்துவர் பொறுமையோடு விளக்கியும் அவர் மனம் இசையவில்லை. கடல் கடந்து இருப்பவர்கள் அருகில் அமர்ந்து கையைப் பற்றிச் சொல்ல இயலாத இடங்களில் இதுவும் ஒன்று.

மருத்துவர் சொன்ன காரணம் இது. கண்ணின் வில்லை இளமையில் தெளிந்த நீர்போல இருக்கும். முதுமையில் மஞ்சளாகிப் பழுப்பேறும். மஞ்சள் வில்லை நீல ஒளியை உண்டுவிடும். மாற்றம் பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நிகழ்வதால் மனம் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. புரையை நீக்கித் தெளிந்த வில்லை வைத்தவுடன் தடைப்பட்டிருந்த நீலம் முழுவதும் உள்ளே வருகிறது. பிரான்சு நாட்டு ஓவியர் மோனே இதற்குப் புகழ்பெற்ற சான்று. 1912-இல் அவருக்குப் புரை இருப்பது கண்டறியப்பட்டது. 1923-இல் வலக்கண்ணில் அறுவை நடந்தது. அதன்பின் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று நிறங்களையே தொழிலாகக் கொண்ட அப்பெரும் ஓவியரும் கலங்கினார் எனின், எங்கள் அன்னையார் கலங்கியதில் வியப்பென்ன?

சொல்லால் ஆகாததைக் கட்டங்களால் செய்யலாம் என்று எங்களுக்குத் தோன்றிற்று. கிம்பில் ‘பெருக்கல்’ என்றொரு முறை உண்டு. படத்தின்மேல் ஒரு நிற அடுக்கை அம்முறையில் வைத்தால், வண்ணக் கண்ணாடி வழியே பார்ப்பது போலாகும். சுவரின் வெளிர்நீலம் 170, 205, 230. அதன்மேல் 255, 235, 150 என்னும் மஞ்சள் அடுக்கை வைத்தால் விடை 170, 189, 135. அதுவே பச்சை! நீலச் சுவரின்மேல் ஒரு துளிப் பச்சையும் பூசாமலே பச்சை பிறந்துவிட்டது.

ஆனால் வீட்டின் புகைப்படத்தை அன்னையாருக்கு அனுப்புவதில் பயனில்லை. ‘இது நம் சுவர்’ என்று அறிந்த கணமே, மனம் தான் நினைவில் வைத்திருக்கும் நிறத்தை அதற்குக் கொடுத்துவிடும். ஆகவே வீடு என்றே அறிய முடியாத கட்டங்களை மட்டும் அனுப்பினோம். இடப்பக்கம் உள்ளபடியான நிறங்கள். வலப்பக்கம் மஞ்சள் அடுக்கு இட்டவை. தம்பி கைபேசியை அவர்முன் பிடித்தான். பழைய கண்ணால் மட்டும் இடப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அதை மூடிப் புதிய கண்ணால் மட்டும் வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றா என்று சொல்ல வேண்டும். முதல் மாலை, மிக வெளிறிய மஞ்சள் அடுக்கு இட்டோம், ‘வேற’ என்றார். இரண்டாம் மாலை சற்றே கூட்டினோம். ‘கிட்ட வந்தாச்சு’ என்றார். மூன்றாம் மாலை மேலே சொன்ன எண்களை இட்டோம். நெடுநேரம் பார்த்தார். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்றார்.

அப்போது தம்பி வலப்பக்கத்து மஞ்சள் அடுக்கை அவர் கண்முன்னே நீக்கிக் காட்டினான். புதிய கண்ணாலேயே பச்சை நீலமாவதைக் கண்டார். மீண்டும் இட்டான், நீலம் பச்சையாயிற்று. மஞ்சள் எங்கே இருந்தது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. உடனே எழுந்து பெட்டியைத் திறந்து, பழுப்பேறிவிட்டது என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கிவைத்த வெள்ளைப் புடவை ஒன்றை எடுத்து ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தாராம். புதிய கண்ணில் அது வெள்ளையாகவே இருந்தது. “பாவம், இத நான் சும்மா பழிச்சுப் போட்டேன்” என்றாராம். தைத் திங்களில் இரண்டாம் கண்ணுக்கும் அறுவை நடந்தது. இன்று இரு கண்ணும் ஒன்றாய்ப் பார்க்கின்றன; முதலிற் கண்ட நீல மிகுதியும் சில மாதங்களில் தணிந்துவிட்டது.

நேயர்களுக்கு ஒன்று கூறுவோம். இது மருத்துவம் அன்று. திரைக்குத் திரை நிறம் வேறுபடும். ஆய்வுக்கூடத்து அளவும் அன்று. கண்ணில் புதிய மாற்றம் எதுவாயினும் மருத்துவரையே நாட வேண்டும். ஆனால் மருத்துவர் சொல்லுக்கும் முதியோர் மனத்துக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க ஒரு படகாக இக்கட்டங்கள் பயன்பட்டன. அருவ ஓவியம் வீண் விளையாட்டு என்பாருக்கு இதைவிட விடை வேறு வேண்டா.

பிள்ளைகளோடும் இதனைச் செய்து பாருங்கள். ஊர் வீட்டின் படத்தைக் கட்டமாக்கி, ஒவ்வொரு கட்டத்திற்கும் தமிழ்ப்பெயர் இடச் சொல்லுங்கள்: கிளிப்பச்சை, பாசிப்பச்சை, அரக்கு, வாடாமல்லி, கத்தரிப்பூ நிறம், மிளகாய்ப்பழச் சிவப்பு. மூன்று எண்கள் நிறத்தைப் பிழையின்றிக் குறிக்கும். ஆனால் இப்பெயர்களோ நிறத்தை அதன் உறவோடு குறிக்கும். கிளியைக் கண்டவனுக்கே கிளிப்பச்சை. கிளியைக் காணாத பிள்ளைக்கு அச்சொல்லைக் கொடுத்தால், அடுத்த விடுமுறையில் அது கிளியைத் தேடும்.

கோடையில் வீட்டிற்கு வண்ணம் பூசும் வேலை வந்தது. எந்த நிறம் வேண்டும் என்று அன்னையாரைக் கேட்டோம். இரு கண்ணாலும் நீலத்தை நீலமாகவே காணும் அவர், சிறிது யோசித்து, “அந்தப் பச்சை கண்ணுக்கு இதமாட்டு இருந்துது” என்றார். இத்தனை ஆண்டு அவர் ஒருவர் மட்டுமே கண்ட நிறம் அது. நல்லவேளையாக அதன் எண்கள் எங்களிடம் இருந்தன. 170, 189, 135 என்னும் நிறத்தைத் தாளில் அச்சிட்டு அனுப்பினோம். தம்பி அதைக் கடையின் நிற அட்டையோடு ஒப்பிட்டு வாங்கிவந்தான். இப்போது அச்சுவர் எல்லார் கண்ணுக்கும் பச்சையாகவே தெரிகிறது.